குளத்தைச் சுற்றலாமா, தண்ணீரோடு இறங்கலாமா? உன்னிச்சை, நவகிரி, இங்கினியாகலை சைக்கிள் வழிகள்

கேள்வி, 2024 ஓகஸ்ட் 3

கல்முனையில் இருக்கிறேன், வயது 24. கியர் சைக்கிள் ஒன்று வாங்கி 4 மாதம் ஆகிறது. கடற்கரை வீதியில் ஓடி ஓடி அலுத்துவிட்டது. மேற்கே இருக்கிற பெரிய குளங்களைச் சுற்றி வர ஆசை. சேனநாயக்க சமுத்திரத்தை ஒரே நாளில் சுற்றி வரலாமா? வரைபடத்தைப் பார்த்தால் முடியும் போலத் தெரிகிறது. போனவர்கள் சொல்லுங்கள்.

2024 ஓகஸ்ட் 3, இரவு

முடியாது தம்பி. வரைபடத்தில் குளத்தின் ஓரமாகப் போகிற கோடு வீதி இல்லை, தண்ணீர் ஏறி இறங்குகிற எல்லை. அணைக்கட்டு இருக்கிற இங்கினியாகலைப் பக்கம்தான் நமக்கு வழி. குளத்தைச் சுற்றியிருப்பது 1954இல் ஒதுக்கிய கல்லோயா தேசியப் பூங்கா. அந்தக் காட்டுக்குள் சைக்கிள் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

அது 95 கோடி கன மீற்றர் தண்ணீர் பிடிக்கிற குளம். மலைக் கால்களுக்கு நடுவே விரல் விரலாகத் தண்ணீர் உள்ளே போய்க் கிடக்கும். நடுவில் தீவுகள். யானைகள் ஒரு தீவிலிருந்து மற்றத் தீவுக்கு நீந்திப் போகும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் வள்ளம்தான் வழி.

சைக்கிளில் போகலாம் என்றால் காரைதீவில் திரும்பு. மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, அம்பாறை, அப்புறம் இங்கினியாகலை. போக 40 கிலோமீற்றருக்கு மேல், வரவும் அவ்வளவு. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அதுவே மேட்டுநிலம். ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, அம்பாறை தாண்டியதும் முழங்காலுக்குத் தெரியும்.

முதல் பயணத்துக்கு உன்னிச்சை அல்லது நவகிரி நல்லது. நாளை எழுதுகிறேன்.

2024 ஓகஸ்ட் 4, காலை

வழிக்கு முன்னால் காற்றைச் சொல்ல வேண்டும். இது கச்சான் வீசுகிற காலம். குளங்களெல்லாம் மேற்கே, கச்சானும் மேற்கிலிருந்து வருகிறது. காலை 9 மணிக்குப் பிறகு மேற்கு நோக்கிச் சைக்கிள் மிதித்தால் அடுப்பு வாயைப் பார்த்துக்கொண்டு போவது போல இருக்கும். ஆகவே விடிய 4:30க்கு வெளிக்கிடு. போகும்போது காற்று படுத்திருக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். மார்கழி, தையில் இதற்கு நேர்மாறு. வாடை வடகிழக்கிலிருந்து வரும், போகும்போது சுகம், வரும்போது உயிர் போகும். ஒரு நாள் பயணத்துக்குக் கச்சான் காலம்தான் மேல் என்பது என் எண்ணம்.

2024 ஓகஸ்ட் 4, இரவு

உன்னிச்சை.

மட்டக்களப்பு நகரத்திலிருந்து வலையிறவுப் பாலம் கடந்தால் வவுணதீவு. அந்தப் பாலத்தோடு எழுவான்கரை (வாவியின் கிழக்குக் கரை) முடிந்து படுவான்கரை (மேற்குக் கரை) தொடங்குகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் வீதியின் இரு புறமும் மதில், அந்தப் பக்கம் இரு புறமும் வயல். வவுணதீவிலிருந்து ஆயித்தியமலைக்குப் போகிற வீதி நல்ல வீதி. ஆயித்தியமலைக் கோயிலடியில் தண்ணீர் போத்தலை நிரப்பிக்கொள். செப்டெம்பரில் அந்தக் கோயில் திருவிழாவுக்கு ஆட்கள் மட்டக்களப்பிலிருந்து நடந்தே போவார்கள். அந்த நாட்களில் வீதி நிறையச் சனம் இருக்கும், சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர்களோடு நடந்தால் குறைந்துவிட மாட்டோம்.

அதற்கப்பால் கடைகள் ஐதாகிவிடும். உன்னிச்சை அணைக்கட்டில் ஏறும்போது முதலில் தெரிவது தண்ணீர் இல்லை, காற்று. வயல் பக்கம் அசைவே இருக்காது, கட்டின் தலைக்கு வந்தவுடன் சட்டை பறக்கும். அப்புறம்தான் தண்ணீர், அதற்குப் பின்னால் நீலமாக மலை.

33 அடி வரை தண்ணீர் நிறுத்துகிற குளம். மட்டக்களப்பில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் இங்கிருந்துதான், வவுணதீவில் சுத்திகரித்து வருகிறது. நான் ஒவ்வொரு முறையும் கட்டில் நின்று போத்தலில் மிச்சமிருக்கிற தண்ணீரைக் குடிப்பேன். வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர், அது பிறந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு குடிக்கிறபோது ருசி வேறாகத்தான் தெரிகிறது.

குளத்தில் இறங்காதே. முதலை உண்டு.

திரும்பும்போது கரடியனாற்றுப் பக்கம் ஏறி, பதுளை வீதியைப் பிடித்து, கறுத்தப்பாலம் கடந்து செங்கலடிக்கு வா. போன வழியே திரும்பாமல் ஒரு வட்டம் கிடைக்கும். மாலையில் கட்டிலேயே இருந்து சூரியன் மறைவதையும் பார்த்துவிட்டு வா, இந்தக் குளங்களின் அழகு அதில்தான்.

2024 ஓகஸ்ட் 11

நவகிரி. நேற்று மருமகனோடு போய்வந்தேன், சூட்டோடு எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து குருமண்வெளித் துறை. அங்கே ‘பாதை’யில் ஏற வேண்டும். வெளியூர் ஆட்களுக்கு விளங்காத சொல் இது. எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் ஆற்றைக் கடக்கிற மிதவை. மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, பள்ளிப் பிள்ளைகள், ஆடு, எல்லாம் ஒரே பலகைத் தட்டில் நிற்கும். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாவியின் நடுவில் நிற்கிற அந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்த வழியை நான் விடமாட்டேன். நேற்றுக் காலையில் தண்ணீர் எண்ணெய் போலக் கிடந்தது. கொக்கு ஒன்று வலைக் கம்பில் நின்றபடி எங்கள் போக்குக்கு ஏற்பத் தலையை மட்டும் திருப்பிக்கொண்டே இருந்தது.

அக்கரையில் மண்டூர். முருகன் கோயிலைத் தாண்டி வெல்லாவெளி. அதற்குப் பிறகு கொலனிகள். பெயர் கிடையாது, இலக்கம்தான்: 37ஆம் கொலனி, 39ஆம் கொலனி, 40ஆம் கொலனி. வழி கேட்டால் ஆட்கள் இலக்கத்தில்தான் சொல்வார்கள். கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டக் காலத்தில் வைத்த இலக்கங்கள் ஊரின் பெயராகவே ஊறிவிட்டன.

கொலனிக்குள் கிரவல் வீதி. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் குலுக்கல் குறையும். வெல்லாவெளிப் பக்கம் எருமைத் தயிர் கிடைத்தால் அங்கேயே இருந்து சாப்பிடு. சட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு வந்தால் வீட்டுக்கு வரும்போது மோர்தான் இருக்கும். திரும்புவதற்குப் பழுகாமம், பட்டிருப்புப் பாலம் வழி. பாதைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

2024 ஓகஸ்ட் 12

ஒரு திருத்தம். பெரிய திருத்தம், கவனமாக வாசிக்கவும்.

உன்னிச்சைக் குறிப்பில், மாலையில் கட்டில் இருந்து சூரியன் மறைவதைப் பார்க்கச் சொன்னேன். அழகு என்பது உண்மை. நம் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன, ஆகவே கட்டு கிழக்கே இருக்கும், தண்ணீர் மேற்கே இருக்கும். சூரியன் தண்ணீருக்குள்தான் இறங்கும். ஆனால் அந்த நேரம் யானையின் நேரம். நான் எழுதியதை நம்பி யாராவது 6:30 மணிக்குக் கட்டிலிருந்து இறங்கினால் அந்தப் பாவம் என்னுடையது. மருமகன் வாசித்துவிட்டு, “மாமா, போன வருடத்தை மறந்துட்டீங்களா?” என்று கேட்டான். மறக்கவில்லை. எழுதாமல் விட்டது பிழை.

போன வருடம் புரட்டாசி. நவகிரியில் இருட்டும் வரை இருந்துவிட்டு இறங்கினோம். மருமகன் 100 அடி முன்னால். திடீரென்று காலை ஊன்றி நின்றான். நானும் நின்றேன். முதலில் மணம், புளித்த வைக்கோலும் மாட்டுத் தொழுவமும் கலந்த மணம். டோர்ச்சை நிலத்துக்கு அடித்தேன். வீதி நடுவில் இலத்தி, அதில் அரைபடாத நெல் உமி மின்னியது, லேசாக ஆவி பறந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

வலது பக்க வயலில் காவல் பரண் ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு குரல்: “சைக்கிளைப் போட்டுப்போட்டு ஏறுங்கடா!” போட்டோம், ஏறினோம். பரணிலிருந்த பெரியவர் எங்களைப் பேசவிடவில்லை. தனியன் ஒன்று பற்றைக்குள்ளிருந்து வீதிக்கு வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சருகு நொறுங்கிய சத்தம்கூட இல்லை. என் சைக்கிளடியில் நின்று தும்பிக்கையால் கரியரைத் தடவியது. அங்கே ஒரு சீப்புக் கதலிப்பழம் கட்டியிருந்தேன். கயிற்றோடு இழுத்தது, சைக்கிளும் கூடவே எழும்பி விழுந்தது. பழத்தைத் தின்றுவிட்டு வயலுக்குள் இறங்கிப் போய்விட்டது. பின் சில்லு எட்டாக வளைந்து கிடந்தது. 9 மணி வரைக்கும் பரணில்தான் இருந்தோம். பெரியவர் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார், தன் வயலில் அந்தப் போகம் எவ்வளவு பாகத்தை அது மிதித்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் நாங்களே பார்த்தோம்.

ஆகவே: பின்னேரம் 4 மணிக்குக் கட்டை விட்டு இறங்கு. பழம், சோறு எதையும் வெளியில் தொங்கவிடாதே. மின்சார யானை வேலி இருக்கிற பக்கம் வேலிக்கும் காட்டுக்கும் நடுவே போகிற குறுக்குப் பாதையை எடுக்காதே. இலத்தியைப் பார்த்தால் நின்று பார், காய்ந்ததா ஈரமா என்று.

2024 ஓகஸ்ட் 13

விடிகாலை 4:30க்கு வெளிக்கிடச் சொன்னதும் இதனோடு முட்டுகிறது என்று சம்மாந்துறைக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் சுட்டிக்காட்டினார். சரியான பேச்சு. 4:30 என்றது எழுவான்கரை ஊர்களுக்குள் ஓடுவதற்கு. கொலனிப் பக்கம் நுழையும்போது நன்றாக வெளித்திருக்க வேண்டும். அம்பாறைப் பக்கம் போகிறவர்கள் சம்மாந்துறையில் ஒரு பிளேன்டீ குடித்து நேரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள்.

2024 செப்டெம்பர் 22

டயர் பற்றிக் கேட்டவருக்கு: ஒல்லி டயர் வேண்டாம். 1.75 அங்குலம் போதும் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன், இப்போது 2 என்கிறேன். கிரவலில் முன் சில்லு வழுக்கினால் உள்ளங்கை போய்விடும்.

பஞ்சர் பெரும்பாலும் கல்லால் வருவதில்லை, முள்ளால் வருகிறது. கட்டு ஓரத்தில் நெருஞ்சி, பற்றைப் பக்கம் சூரை. சூரை முள் வளைந்தது, டயருக்குள் போய் உடைந்து நிற்கும். புது டியூப் போட்டாலும் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்காவிட்டால் அடுத்த கிலோமீற்றரில் திரும்பவும் இறங்கும். தடவும்போது மெல்ல, முள் விரலையும் விடாது. 2 டியூப், ஒட்டு, பம். கொலனிக் கடைகளில் 26 அங்குல டியூப் கிடைக்கலாம், மற்ற அளவுகளை நம்பிப் போகாதே.

2024 ஒக்டோபர் 6

தம்பி இங்கினியாகலை போய்வந்துவிட்டான். கட்டில் நின்ற படத்தை அனுப்பியிருந்தான், மகிழ்ச்சி. ஆனால் “ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியது அரைகுறையாக இருக்கிறது” என்று எழுதியிருந்தான். அந்தச் சொல் எனக்குள் கிடந்து அரிக்கிறது. நானும் பல வருடம் அப்படித்தான் திரும்பினேன். ஏன் அப்படித் தோன்றுகிறது என்று யோசித்து எழுதுகிறேன்.

2024 நவம்பர் 29

யாரும் சைக்கிளை எடுக்க வேண்டாம். மூன்று நாளாக எல்லாப் பக்கமும் வெள்ளம். குளங்கள் நிரம்பி வான் பாய்கின்றன.

மாவடிப்பள்ளியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 26ஆம் திகதி மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை, வீதிக்கு மேலால் பாய்ந்த தண்ணீர் அள்ளிக்கொண்டு போனது. ஓகஸ்டில் நான் உனக்குச் சொன்ன அதே வீதி. அன்று எழுதும்போது ‘மாவடிப்பள்ளி’ எனக்கு ஒரு திருப்பத்தின் பெயர் மட்டும்தான். வேறொன்றும் எழுதக் கை வரவில்லை.

2024 டிசெம்பர் 8

வீதியைக் கடக்கும் தண்ணீர் பற்றி இப்போதாவது எழுத வேண்டும்.

நம் பக்கத்தில் தாம்போதிகள் பல, வெள்ளம் மேலால் பாயும்படி தாழ்வாகக் கட்டிய வீதித் துண்டுகள். கிட்டங்கித் தாம்போதி வருடா வருடம் மூழ்கும். நாவிதன்வெளிச் சனம் அதற்காகவே கிடந்து தவிக்கிறது. மழைக்காலத்தில் மேலே குளம் திறந்தால், இங்கே மழையே இல்லாத நாளிலும் தாம்போதியில் தண்ணீர் ஏறும். அது வெயிலடிக்கிற வெள்ளம், ஆளை ஏமாற்றும். தண்ணீர் கலங்கி ஓடினால் அடியில் வீதி இருக்கிறதா, அரித்துப்போய்விட்டதா என்று மேலிருந்து தெரியாது. முழங்காலளவு ஓட்டம் சைக்கிளை உன் கையிலிருந்து பறிக்கும், சைக்கிளை விட மனமில்லாமல் நீ கூடவே போவாய். “மற்றவன் போகிறானே” என்று பார்க்காதே. திரும்பிப் போ. அவ்வளவுதான்.

2025 ஜனவரி 19

மழையில் முடங்கிக் கிடக்கும்போது பழைய பயணம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. சைக்கிளை ரயிலில் பொதியாகப் போட்டு வெலிக்கந்தையில் இறங்கி மாதுறு ஓயா அணைக்கட்டுக்குப் போனோம். 1980களின் தொடக்கத்தில் அந்தக் கட்டை எழுப்பும்போது, துருசு (தண்ணீர் திறக்கிற மதகு) வைக்கலாம் என்று பொறியியலாளர்கள் தெரிவு செய்த இடத்தில் மண்ணுக்குள் ஒரு பழைய துருசு கிடந்தது. பல நூறு வருடத்துக்கு முந்தியது. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

நான் அந்தச் செங்கல்லில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கருவி எதுவும் இல்லாதவனும், எல்லாக் கருவியும் இருக்கிறவனும் ஒரே இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். நிலம் எப்படிச் சரிகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்று இருவரும் நின்று பார்த்திருக்கிறார்கள். அந்த மாதுறு ஓயாத் தண்ணீர்தான் வந்து வாழைச்சேனை வாவியில் சேர்கிறது. ரயிலில் போன நாங்கள் தண்ணீர் வருகிற திசைக்கு எதிராகப் போயிருக்கிறோம். அன்றைக்கு இது தோன்றவில்லை.

2025 பெப்ரவரி 16

ஒக்டோபரில் விட்ட கதைக்கு வருகிறேன்.

‘சுற்றி வருவது’ என்ற எண்ணத்தில்தான் பிழை. கோயிலைச் சுற்றலாம். இயற்கையான ஏரி என்றால் அதையும் சுற்றலாம். இந்தக் குளங்கள் ஆற்றை மறித்துக் கட்டியவை. அதற்குப் பின் பக்கம் என்று ஒன்று இல்லை, காடும் மலையும்தான். முன் பக்கம் இருக்கிறது: துருசு, வாய்க்கால், வயல், கடைசியில் கடல். குளத்தின் மறு பாதியைக் காட்டுக்குள் தேடி என்ன செய்ய? அது நம் வீட்டு வாசல் வரை நீண்டு கிடக்கிறது.

இங்கினியாகலையையே எடு. 1949இல் பட்டிப்பளை ஆற்றை (கல்லோயா என்பதும் இதுதான்) மறிக்கத் தொடங்கினார்கள், கட்டியது ஒரு அமெரிக்கக் கம்பனி. பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறந்து 108 கிலோமீற்றர் ஓடிக் கடலில் விழுகிற ஆறு அது. இன்று அந்த ஆற்றை விட வாய்க்கால்களில்தான் தண்ணீர் அதிகம் நடக்கிறது. இடது கரை, வலது கரை என்று பிரிந்து, கொலனி கொலனியாக இறங்குகிறது.

என் மாமா நாவிதன்வெளிப் பக்கம் வட்டவிதானையாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவராக, இருந்தவர். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு அவர் வீட்டுக்குத்தான் போவேன். இரவில் தண்ணீர் முறை வந்தால் என்னையும் கரியரில் ஏற்றிக்கொண்டு போவார். டைனமோ லைட், அவர் வேகமாக மிதித்தால் வெளிச்சம் கூடும், மெல்ல மிதித்தால் மங்கும். வாய்க்கால் ஓரமாகப் போய்க்கொண்டே இருப்போம். ஒவ்வொரு வாய்க்கால் வாயிலும் இறங்கிக் காலால் தண்ணீரை அளப்பார். கணுக்கால் வரை, கெண்டைக்கால் வரை. “இங்கினியாகலையில் முந்தாநாள் விட்ட தண்ணி இது” என்பார். எனக்கு இங்கினியாகலை ஏதோ வானத்திலிருக்கிற ஊர் போலத் தோன்றும்.

நான் முதன்முதலில் ஓடிய நீண்ட சைக்கிள் பயணம் அந்தக் கரியரில்தான். அதைத் திரும்ப ஓட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன், இந்த முறை மேலிருந்து.

2025 மார்ச் 9

வழி, வரப்போகிறவர்களுக்காக: இங்கினியாகலை, உகணைப் பக்கத்துக் கொலனிகள், மத்தியமுகாம், நாவிதன்வெளி, கிட்டங்கி, கல்முனை. முடிந்த இடமெல்லாம் வாய்க்கால் ஓரம். வாய்க்கால் பாதை துண்டுபட்டால் வீதிக்கு ஏறி அடுத்த பாலத்தில் திரும்ப இறங்குவோம். பெரும்போக வெட்டு முடிந்துவிட்டது. வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கின்றன, துப்புரவு நடக்கிறது. சிறுபோகத்துக்கு முதல் தண்ணீர் திறக்கிற அன்றைக்கு மேலே நிற்க ஆசை.

2025 ஏப்ரல் 12

போய்விட்டு வந்தோம். நான், மருமகன், கேள்வி கேட்ட தம்பி, சம்மாந்துறைக் காக்கா. நாலு சைக்கிள். முதல் நாள் பின்னேரமே அம்பாறை வந்து தங்கி, விடிந்த பிறகு இங்கினியாகலைக்கு ஏறினோம். கட்டுக்கு ஏற அங்கே நின்றவர்களிடம் கேட்டோம். ஏன் வந்தோம் என்று விசாரித்தார்கள். “தண்ணீரோடு இறங்கப் போகிறோம்” என்று காக்கா சிங்களத்தில் சொன்னார். கேட்டவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, “தண்ணீர் உங்களை விட மெல்லத்தான் வரும்” என்றார்.

அது உண்மை. முதல் கொலனியிலேயே நாங்கள் தண்ணீரை முந்திவிட்டோம். அதற்கப்பால் வாய்க்கால் வெறும் வெடித்த மண். அங்கங்கே ஆட்கள் மண்வெட்டியோடு கட்டில் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவரும் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சிங்களக் கொலனியில் சிங்களத்தில், மத்தியமுகாமில் தமிழில்: “எவ்வளவு தூரத்தில் வருகுது?”

ஒரு சைக்கிள் பயணத்தில் இப்படி ஒருநாளும் எனக்கு நடந்ததில்லை. வழக்கமாக எங்கே போகிறாய் என்றுதான் கேட்பார்கள். அன்று நாங்கள் செய்தி கொண்டு போனவர்கள். உகணைப் பக்கத்தில் ஒரு அம்மா தேத்தண்ணியோடு கித்துள் கருப்பட்டி தந்தார், தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்பதற்காகவே.

நாவிதன்வெளிக்கு வந்தபோது பின்னேரம் 3 மணி. வெளிக்கிட்டதிலிருந்து 7 மணித்தியாலம், 2 பஞ்சர், இரண்டும் தம்பியுடையது. அவனது டயர் ஒல்லி. தம்பியும் காக்காவும் அன்றே வீட்டுக்குப் போனார்கள். நானும் மருமகனும் மாமாவின் வீட்டில் தங்கினோம். மாமா இப்போது இல்லை. வயலை அவருடைய மகன், என் மச்சான், செய்கிறார்.

2025 ஏப்ரல் 13

தண்ணீர் வந்ததை நேற்று எழுதாமல் விட்டது, அதைத் தனியாக எழுத வேண்டும் என்பதால்தான்.

மூன்றாம் நாள் இரவு, 10 மணி தாண்டியிருக்கும். மச்சான் வந்து எழுப்பினார். “வாங்க, வருகுது.” மூன்று பேரும் வாய்க்கால் கட்டில் டோர்ச்சோடு நின்றோம். முதலில் எறும்புகள் வந்தன. வாய்க்கால் அடியில் வெடிப்புகளுக்குள் இருந்தவை, வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறின. பிறகு பூரான் ஒன்று, சின்னத் தவளைகள் சில. தண்ணீரை இன்னும் காணவில்லை, அது வருகிறது என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஒரு சத்தம், அரிசியை சுளகில் மெல்ல நகர்த்துவது போல.

அப்புறம் வந்தது. அலையாக வரவில்லை. விரல் உயரம்கூட இல்லாத ஒரு நாக்கு, பழுப்பு நுரையைத் தள்ளிக்கொண்டு, அதற்கு முன்னால் காய்ந்த வைக்கோல், இலை, ஒரு பிளாஸ்டிக் மூடி. வெடிப்பைக் கண்டால் நிற்கும், வெடிப்பு நிறையும் வரை நின்று குமிழி விடும், நிறைந்ததும் அடுத்த வெடிப்புக்கு நகரும். அதோடு சேர்ந்து நடந்தோம். நடை என்று சொல்ல முடியாது, அதை விட மெல்ல. மண் நனைகிற மணம் மழை மணம் போல இருந்தது, வானம் முழுக்க நட்சத்திரம்.

மச்சான் காலைத் தண்ணீருக்குள் வைத்தார். கணுக்கால் வரை வரும் வரைக்கும் அப்படியே நின்றார். மாமா செய்த அதே மாதிரி, அதே வலது கால். அவருக்கு அது தெரியாது, நான் சொல்லவும் இல்லை. மண்வெட்டியை எடுத்து வயலுக்கான வாயை வெட்டிவிட்டார்.

2025 ஏப்ரல் 15

தம்பி கேட்ட இரண்டு கேள்விகளுக்குப் பதில்.

ஒன்று: கிட்டங்கியில் இப்போது தண்ணீர் இல்லை, தாராளமாகக் கடக்கலாம். கார்த்திகைக்குப் பிறகு கேட்டுவிட்டுப் போ.

இரண்டு: ஆம், வலது கரையும் ஓடலாம். ஹிங்குராணைக் கரும்புப் பக்கமாக இறங்குவோம். யானைக்குக் கரும்பு என்றால் விட முடியாது, ஆகவே அந்தத் துண்டை நடுப்பகலில் கடக்கிற மாதிரித் திட்டம் போட வேண்டும். பெரும்போகத் தண்ணீர் திறக்கிற நாளை மச்சான் விசாரித்துச் சொல்வார். 2 அங்குல டயர் மாற்றிக்கொண்டு வா.